சிரிப்பு வாயுவும் தமிழாசிரியனும்

தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுதல் விழா மலர் வாசகர்க்கு வியப்பை விளைத்தல் கூடும். எமது இந்துக் கல்லூரியின் பழைய மாணவருள்ளே பொறியியலாளர் பலர் இருக்க, இவனுக்கு இவ்வேலை எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு யான் கூறும் விடை ஒன்றே. எஞ்சினை யான் அறிந்தது சொற்களின் வழியாக. ஆசிரிய கலாசாலையிலே பயின்று வெளியேறிய நாள்முதல் சொற்களே எனது தொழில். ஒரு சொல் பிழைத்தால் உலோகமும் உருகும் என்பதை அண்மையிலேதான் நன்குணர்ந்தேன்.

யான் வசிப்பது ஹாலிஎலையில். பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவும், 1924 ஆம் ஆண்டிலே பதுளையை எட்டிய இருப்புப்பாதையும் எமது ஊரினூடே செல்கின்றன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டப் பிள்ளைகளுட் பலர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கடைகளுக்கும் கராஜ்களுக்கும் வேலைக்குச் செல்வதை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவ்வாறு சென்றவருள் ஒருவன் எனது மாணவன். தமிழிலே நல்ல தேர்ச்சியுடையவன். ஆங்கிலம் மட்டும் அவனுக்கு எட்டவில்லை. கொழும்பிலே ஆறாண்டு தொழில் பழகி, ஊருக்கு மீண்டு, வீட்டின் அருகே தகரக் கொட்டகை ஒன்றிட்டுச் சொந்தத் தொழில் நடத்துகின்றான். 1990களிற் செய்யப்பட்ட ஹொண்டா சிவிக் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, மாலை வேளைகளிலே அதனைப் பந்தயத்துக்கு ஏற்றதாக மாற்றி வந்தான்.

ஒருநாள் அவன் ஒரு சிறு நூலோடு என்னிடம் வந்தான். “சேர், இதைத் தமிழிலே எழுதித் தர வேண்டும். படத்தைப் பார்த்துப் பூட்டிவிடுவேன். ஆனால் எழுத்திலே என்ன இருக்கிறதென்று தெரியாமற் பூட்டப் பயமாக இருக்கிறது,” என்றான். எஞ்சினுக்கு நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவை ஊட்டும் கருவித் தொகுதியின் கைந்நூல் அது.

மூன்று நாள் கழித்து அவனுடைய தாயார் கொழுந்து நிறுத்த கையோடு என் வீட்டுக்கு வந்தார். “சேர், அவனுக்கு அப்பா இல்லை. நீங்கள் வேண்டாமென்று சொன்னாற் கேட்பான். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்,” என்றார்.

அவ்வன்னையின் அச்சம் காரணமற்றதன்று. எமது ஊருக்குத் தொலைவில்லாத தியத்தலாவையிலே, ஃபொக்ஸ் ஹில் பந்தயத் தடத்தில், 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் கார் ஒன்று தடத்தினின்றும் விலகிப் பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. பலர் காயமுற்றனர். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நிகழ்ந்த பந்தயமாதலின், ஊவாவின் நாற்றிசையினின்றும் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு திரண்டிருந்தனர். எனது மாணவனும் அக்கூட்டத்திலே வேறோரிடத்தில் நின்றான். அன்றிரவு வீடு திரும்பியவன் உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை என்று தாயார் கூறினார். ஆயினும் பந்தய ஆசை அவனை விட்டகலவில்லை.

இருவருக்கும் இடையே யான் என் செய்வது? நூலைத் திருப்பிக் கொடுத்தால் அவன் கருவியைப் பூட்டாது விடுவான் என்பதற்கு உறுதியில்லை. கைத்தொழில் அறிந்தவனுக்குப் படமே போதும். அறியாமை அவனைத் தடுத்து நிறுத்தாது. எச்சரிக்கையை மட்டுமே அவனிடமிருந்து மறைக்கும். இதனை அவர்க்கு எடுத்துரைத்தேன். “அக்கா, நூல் முழுவதையும் எழுதுவேன். அவன் எனக்கு முன்னே அதனை உரக்க வாசித்த பின்புதான் வேலை தொடங்க வேண்டும்,” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “எழுதுவதென்றால் ஆபத்தையெல்லாம் முதலில் எழுதுங்கள் சேர்,” என்றார். கைந்நூலிலே கடைசிப் பக்கங்களில் இருந்த எச்சரிக்கைகளைத் தமிழ்ப்படியிலே முதற் பக்கங்களில் அமைத்தது அவர் சொற்படியே.

இனி, இவ்வாயுவின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். 1772 ஆம் ஆண்டிலே யோசேப்பு பிரீத்திலி என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டறிந்தார். 1799 ஆம் ஆண்டிலே ஹம்பிரி டேவி இதனைத் தாமே முகர்ந்து ஆராய்ந்தார். முகர்ந்தோர்க்கு நகைப்பு உண்டானமையாற் சிரிப்பு வாயு என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1844 ஆம் ஆண்டிலே ஹொறேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் நோவு தெரியாது பல் பிடுங்க இதனைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரிலே இது எஞ்சினுட் புகுந்தது. வளி அடர்த்தி குன்றிய உயரத்திலே பறந்த ஜெர்மானியப் போர் விமானங்களுக்கும், பிரித்தானியரின் மொஸ்கீற்றோ விமானங்கள் சிலவற்றுக்கும் இவ்வாயு ஊட்டப்பட்டது.

மலைநாட்டார்க்கு அதன் காரணத்தை விளக்குதல் எளிது. 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நிகழும் நுவரெலியா, கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியின் அமுக்கம் கொழும்பிலும் பார்க்க ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. மூச்சு வாங்குவது மனிதர்க்கு மட்டுமன்று, எஞ்சினுக்குந்தான். பெற்றோல் எரிய ஒட்சிசன் வேண்டும். வளியின் நிறையிலே நூற்றுக்கு 23 பங்கே ஒட்சிசன்; நைதரசு ஒட்சைட்டிலோ 36 பங்கு. உருளையினுள்ளே எழும் பெருஞ்சூட்டில் இவ்வாயு பிரிந்து ஒட்சிசனைக் கொடுக்கும். அன்றியும், திரவமாகப் பாய்ந்து ஆவியாகும்போது உள்ளே வரும் வளியைக் குளிர்வித்து அடர்த்தியாக்கும். வாயு தானாக எரிவதன்று. தீக்கு உணவை விரைந்து உண்ணும் ஆற்றலை அளிப்பது.

இங்கேதான் எனது தொழில் தொடங்கிற்று. பிஸ்டனுக்குப் பாடநூலார் தந்த சொல் முசலம். முசலம் என்றால் உலக்கை. உரலும் உலக்கையும் கண்ட வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல் உடனே விளங்கிற்று. ஆயினும் கராஜிலே எவரும் அவ்வாறு கூறாமையால், பிஸ்டன் என்றே எழுதினேன். பெயர்ச்சொற்கள் இடர் தரவில்லை. இடர் தந்தவை இரண்டு தொடர்கள்.

ஒன்று, பெற்றோல் குறைந்த கலவையைக் குறிப்பது. அதன் ஆங்கிலச் சொல்லுக்கு ‘மெலிந்த’ என்பது நேர்ப்பொருள். “பெற்றோல் குறைந்தால் சிக்கனந்தானே சேர்?” என்றான் மாணவன். தெருவிலே ஓடும் காருக்கு அவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தலாம். இங்கே அதுவே அழிவு. பெற்றோல் 1 பங்கு முற்றாக எரிய 14.7 பங்கு நிறையுடைய வளி வேண்டும். நைதரசு ஒட்சைட்டாயின் ஏறக்குறைய 9.6 பங்கே போதும். ஆகவே வாயு புகும்போது அதற்கேற்ற பெற்றோலும் கூடவே புகுதல் வேண்டும். புகாவிடின் சூடு எல்லை மீறும். எரியும் வாயுவின் சூடு 2,000 பாகை செல்சியசைக் கடப்பது. தூய அலுமினியமோ 660 பாகையில் உருகுவது. சில விநாடியிலே பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். ஆதலின் ‘மெலிந்த கலவை’ என்னும் அழகிய தொடரைத் தவிர்த்து, ‘பெற்றோல் போதாத கலவை’ என எழுதினேன். ‘போதாத’ என்ற சொல்லிலேயே குறை இன்னதென்பது தெரிகின்றது.

மற்றையது தீப்பொறியின் நேரம் பற்றியது. மாணவன் தன் கைத்தொலைபேசியிலே மொழிபெயர்த்துப் பார்த்தபோது ‘நேரத்தை மந்தமாக்குக’ என வந்ததாம். எவர்க்கு என்ன விளங்கும்? வாயு கலந்த கலவை விரைந்து எரியுமாதலின், வழக்கமான நேரத்திலே பொறி எழுந்தால் மேலெழும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தாக்கும். எனவே பொறி சற்றுப் பிந்த வேண்டும். கூட்டும் ஒவ்வொரு 50 குதிரை வலுவுக்கும் ஏறக்குறைய 2 பாகை என்பது தொழிலாளரின் பொது விதி. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினிலே 2 பாகை என்பது ஒரு விநாடியின் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. ‘தீப்பொறி 2 பாகை பிந்தி எழுமாறு அமைக்க’ என எழுதினேன். காலமறிதலுக்குத் திருக்குறளிலே ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருத்தலை அவனுக்கு நினைவூட்டியபோது, “அது அரசனுக்கென்றல்லவா சேர் படிப்பித்தீர்கள்?” என்று நகைத்தான்.

பூட்டும் வேலை போயா விடுமுறைகளிலே நடைபெற்றது. போத்தலை டிக்கியிலே சாய்வாக இருத்தினான். உள்ளிருக்கும் குழாயின் வாய் எப்போதும் திரவத்துள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். அங்கிருந்து செல்லும் குழாயைச் சூடேறும் சைலன்சருக்கு எட்டவே அமைத்தான். வாயுவுக்கு ஒன்றும் பெற்றோலுக்கு ஒன்றுமாக இரண்டு மின்காந்த வால்வுகள். அக்சிலேற்றரை முழுதாக மிதித்தாலன்றி அவை திறவாதபடி ஓர் ஆளி. வாயு வளியினும் பாரமானது, மூடிய இடத்திலே தேங்கி மூச்சை அடைப்பது என்று எழுதியிருந்தமையால், கொட்டகையின் இரு கதவுகளையும் திறந்தே வைத்தான்.

மார்கழிக் குளிரிலே ஓர் இடையூறு நேர்ந்தது. 20 பாகை வெப்பநிலையில் போத்தலினுள் அமுக்கம் வளிமண்டலத்தின் ஏறத்தாழ 50 மடங்கு. அன்று காலை அதனிலும் குறைந்திருந்தது. கைந்நூல் கேட்பதோ 60 மடங்குக்கு மேல். “அடுப்படியிலே கொஞ்ச நேரம் வைத்தெடுங்களேன்,” என்றார் அவனுடைய அப்பாயி. தம்பியும் அதற்கு உடன்பட்டான். மாணவன் சுவரிலே ஒட்டியிருந்த தமிழ்த் தாளின் முதற் பக்கத்தைக் காட்டி, “தீயிலே காட்டலாகாது, போத்தல் வெடிக்கும்,” என்று வாசித்தான். 36.4 பாகைக்கு மேல் திரவமென ஒன்று அதனுள் இராது. சூடு ஏற ஏற அமுக்கம் விரைந்து ஏறும். போத்தலுக்கென்றே செய்யப்பட்ட மின் வெதுப்பி கொழும்பிலிருந்து வரும்வரை மூன்று கிழமை வேலை நின்றது. அந்த மூன்று கிழமையே எனது மொழிபெயர்ப்புக்குக் கிடைத்த ஊதியம்.

சோதனையைத் தெருவிலே செய்யலாகாது என்பதில் யான் உறுதியாக நின்றேன். ஹாலிஎலைத் தெருவிலே பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்துக்காரரும் நடக்கின்றனர். அவனும் மறுக்கவில்லை, தியத்தலாவையிலே கண்டது அவன் கண்ணைவிட்டு மறையவில்லை. கொழும்புக்குக் கொண்டுசென்று, சில்லுகள் உருளைகளின்மேற் சுழலும் சோதனை மேடையிலே ஓட்டினான். நாற்பதுக்குச் சிறிது மேற்பட்ட குதிரை வலு கூடிற்று. உடனே பிளக்குகளைக் கழற்றி நோக்கினான். வெளுப்புமில்லை, ஒட்டிய உலோகத் துளிகளுமில்லை. ஊருக்கு மீண்டபின் போத்தலைக் கழற்றிக் காற்றோட்டமுள்ள கம்பிக் கூட்டிலே வைத்துப் பூட்டினான். அதன் திறப்பு தாயாரின் முந்தானையிலே இருக்கின்றது. பந்தயத் தடத்துக்குச் செல்லும் நாளிலன்றி அவர் அதனைக் கொடுப்பதில்லை.

அத்தமிழ்த் தாளைப் படியெடுத்துத் தருமாறு பண்டாரவளையிலும் பதுளையிலுமுள்ள கராஜ் இளைஞர் கேட்டுள்ளனர். அவர்களுள் வாயுக் கருவி வைத்திருப்பவர் எவருமிலர். எஞ்சினைப் பற்றித் தமிழிலே எழுதிய எதனையும் இதற்குமுன் கண்டதில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். எம் இளைஞர் கையிலே ஆயுதம் போன்ற கருவிகள் வந்து சேர்கின்றன. அவற்றின் எச்சரிக்கைகள் மட்டும் வந்து சேர்வதில்லை. முன்னாளிலே அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்டனர். அச்சொற்கள் பாடநூலோடு நின்றுவிட்டன. பட்டறை வரை செல்லவில்லை.

பழைய மாணவருள் பொறியியலாளரும் மின்வேலை அறிந்தோரும் மருத்துவரும் பலர் உளர். விழா நினைவாக ஒவ்வொருவரும் தம் தொழிலிலே உயிர்காக்கும் செய்திகளைப் பத்துப் பக்கங்களில், பட்டறைப் பையன் வாசிக்கத்தக்க தமிழில் எழுதித் தருவாராயின், அதனிலும் சிறந்த விழாப் பரிசு இல்லை. ஆபத்தை முதலில் எழுதுக; அது கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எனக்குக் கற்பித்த இலக்கணம். மொழிநடையைச் செப்பஞ்செய்யும் பணியை யான் மகிழ்வோடு ஏற்பேன்.