அடியா, மீட்டரா?

என் வயதுக்காரர்கள் பலர் இப்போது வீடு கட்டும் வேலையில் இருக்கிறார்கள். சிலர் ஓய்வுப் பணத்தைப் போட்டுத் தங்களுக்கென்று கட்டுகிறார்கள். சிலர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக மண்ணிலும் வெயிலிலும் நிற்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் வரைவாளர் வேலை பார்த்தவன் என்பதால், பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது வாசலையோ பூஜை அறையையோ அல்ல. எந்த அலகில் வரைந்திருக்கிறார்கள் என்பதைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பலகையில் தாளை ஒட்டி வரைந்த காலத்தில், பென்சிலை எடுக்கும் முன்பே அளவை முடிவு செய்தாக வேண்டும். எட்டு அடிக்கு ஓர் அங்குலமா, நூற்றில் ஒன்றா என்று தீர்மானிக்காமல் ஒரு கோடு கூடப் போட முடியாது. 1956-ல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தும், மேஸ்திரிகள் அடியை விடவில்லை. அதனால் அடியும் மீட்டரும் எங்கள் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. எந்த ஸ்கேலை எடுத்தோம் என்பது கையில் தெரியும்.

கணினியில் அப்படி இல்லை. 1982-ல் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளைத்தான் இன்றும் பல அலுவலகங்களில் பயன்படுத்துகிறார்கள். அதில் படத்தைச் சுருக்காமல் முழு அளவிலேயே வரையலாம். கோடு போடச் சொல்லி 3000 என்று தட்டினால் போட்டுவிடும். "மூவாயிரம் எது? மில்லிமீட்டரா, அங்குலமா?" என்று அது கேட்காது. அதற்கு அது வெறும் மூவாயிரம் அலகு. அந்த அலகு என்ன என்பது வரைகிறவர் மனதில் மட்டும் இருக்கிறது.

அதைச் சொல்வதற்குத்தான் 'யூனிட்ஸ்' என்ற கட்டளை. அதைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். நீளத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஐந்து வகைகள் இருக்கும். அவற்றில் டெசிமல் சாதாரண தசம எண். ஆர்க்கிடெக்சுரல் என்பது அடி, அங்குலக் கணக்கு. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் தேர்வு எண்ணைக் காட்டும் விதத்தை மட்டுமே மாற்றும். போட்ட கோட்டை மாற்றாது. ஆர்க்கிடெக்சுரல் வகை ஓர் அலகை ஓர் அங்குலம் என்றே எடுத்துக்கொள்ளும். மில்லிமீட்டர் என்று நினைத்து வரைந்த மூன்று மீட்டர் அறையை அதற்கு மாற்றினால், அறை 250 அடி என்று காட்டும்.

அதே பெட்டியில் 'இன்சர்ஷன் ஸ்கேல்' என்று ஒன்று உண்டு. வேறு படத்திலிருந்து கதவு, நாற்காலி, வாஷ்பேசின் போன்றவற்றைக் கொண்டுவந்து வைக்கும்போது எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை இதைப் பார்த்துத்தான் கணினி முடிவு செய்யும். மில்லிமீட்டரில் வரைந்த நாற்காலிப் படத்தில் அங்குலம் என்று குறித்திருந்தால், அது 25.4 மடங்காகி, கூடத்தை விடப் பெரிதாக வந்து உட்காரும்.

இப்படிப்பட்ட பெரிய தப்பால் ஆபத்தில்லை. பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன வித்தியாசம்தான் அஸ்திவாரம் வரை போய்விடுகிறது.

நண்பர் ஒருவரின் மனை 40 அடிக்கு 60 அடி, மொத்தம் 2400 சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்ட். பத்திரத்தில் அடிக் கணக்கு, பட்டாவில் 2.23 ஏர். அவர் கொண்டுவந்த பிளானில் எல்லை 12.00 மீட்டருக்கு 18.00 மீட்டர் என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தேன்: 216 சதுர மீட்டர். பட்டாப்படி 223 இருக்க வேண்டும். ஏழு சதுர மீட்டரைக் காணோம்! சுமார் 75 சதுர அடி; ஒரு சமையலறை அளவு.

வரைந்த இளைஞரைக் கேட்டேன். "சார், அடியில் சொன்னாங்க. பத்து அடிக்கு மூணு மீட்டர்னு போட்டேன்" என்றார்.

"தம்பி, பத்து அடி 3.048 மீட்டர். அறுபது அடிக்கு எவ்வளவு விட்டுப்போகும்னு பாருங்க" என்றேன்.

கணக்குப் போட்டார். 288 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவரின் கனத்தை விட அதிகம். அந்தப் பிளானை வைத்துக் காம்பவுண்டு சுவர் எழுப்பியிருந்தால், அந்தக் கீற்று நிலம் சுவருக்கு வெளியே நின்றிருக்கும். வெளியே விட்ட நிலம் வருடங்கள் போனால் அனுபவ பாத்தியதை வழக்காக மாறும் என்பது நமக்குத் தெரியாததா?

அந்தப் பையன் கெட்டிக்காரர். அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். புதுப் படத்தில் அலகை ஆர்க்கிடெக்சுரல் என்று வைத்து, பத்திரத்தில் இருந்தபடியே 40 அடி, 60 அடி என்று தட்டி எல்லையை வரைந்தார். பிறகு டெசிமலுக்கு மாற்றி, முழுப் படத்தையும் 'ஸ்கேல்' கட்டளையால் ஒரே தடவை 25.4 மடங்கு பெருக்கினார். 12192-க்கு 18288 வந்தது. பரப்பு 222.97 சதுர மீட்டர். பட்டாவோடு பொருந்தியது. நண்பர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

எதில் அளந்தார்களோ அதிலேயே முதலில் வரைய வேண்டும். மாற்றுவதை ஒரே தடவையில் கணினியிடம் விட வேண்டும். ஒவ்வொரு எண்ணாக மனக்கணக்கில் மாற்றினால், ஒவ்வொரு எண்ணிலும் கொஞ்சம் நிலம் போகும்.

பிளான் கையில் வந்ததும் நீங்களே செய்யக்கூடியவை சில உண்டு. தாளில் "எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில்" என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். திரையில் ஒரு கதவை 'டிஸ்ட்' கட்டளையால் அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்றடிக் கதவு 900-ஐ ஒட்டி வந்தால் மில்லிமீட்டர். 36 வந்தால் அங்குலம். மனையின் மொத்தப் பரப்பைப் பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒப்பிடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். கடைசியாக, மேஸ்திரிக்குக் கொடுக்கும் நகலில் இரண்டு அளவுகளையும் போடச் சொல்லுங்கள். 'ஆல்டர்நேட் யூனிட்ஸ்' என்ற வசதியில் மில்லிமீட்டருக்குப் பக்கத்திலேயே அடி, அங்குலமும் அச்சாகும். மேஸ்திரி தன் டேப்பில் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் சுவர் ஒரே இடத்தில் நிற்கும்.

இதையெல்லாம் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.