ஹொக்குசாயின் மூக்கும் செதுக்குபவரின் கத்தியும்

ஹொக்குசாயின் ‘பேரலை’ ஓவியத்தை அறியாதவர் குறைவு. 1831 வாக்கில் அதற்காக அவர் வரைந்த மூலத்தாளோ உலகில் எங்கும் இல்லை. மெல்லிய தாளில் தீட்டிய கோட்டோவியத்தைச் செர்ரி மரப் பலகைமேல் கவிழ்த்து ஒட்டி, தாளையும் மரத்தையும் சேர்த்தே செதுக்குவது ஜப்பானிய வழக்கம். செதுக்கி முடிக்கும்போது ஓவியரின் கைபட்ட தாள் சிராய்களோடு போய்விடும். நாம் வியக்கும் அந்த நுரை விரல்கள், கத்தி வெட்டாமல் விட்டுவைத்த மரம்.

மரவெட்டு அச்சில் கை வைத்த நாள் முதல் எனக்கு இதே யோசனைதான். தன் கோட்டை இன்னொருவர் கத்திக்குக் கொடுத்துவிட்டு ஓர் ஓவியரால் எப்படி நிம்மதியாக இருக்க முடிந்தது? ஹொக்குசாயால் முடியவில்லை. எழுபதைக் கடந்த வயதில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எகாவா தொமேகிச்சியே செதுக்க வேண்டும் என்று கேட்கிறார். தான் வரையாத கீழிமையைச் சேர்க்க வேண்டாம், உத்தாகாவா ஓவியப் பள்ளியின் பாணியில் மூக்கு வேண்டாம் என்று, மூக்கை வரைந்தே காட்டுகிறார். சிறுவயதில் செதுக்கும் தொழிலைப் பழகியவர் அவர். ஒரு மயிரிழை தவறினால் முகமே வேறாகிவிடும் என்பது அவருக்குக் கையால் தெரியும். அந்தக் கடிதத்தில் நான் காண்பது மரியாதையை. யாரிடம் கொடுக்கிறோம் என்று அறிந்தவர்தான் ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்பார்.

ஹிரோஷிகே 1857-ல் வரைந்த ஷின்-ஒஹாஷி பாலத்துத் திடீர் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கோடுகள் இரண்டு பலகைகளில், சற்றே மாறிய சாய்வில் செதுக்கப்பட்டவை. தூரிகைக்கு அது ஒரே இழுப்பு. கத்தியோ ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் வெட்டி, நடுவில் நூலளவு மரத்தை நிற்க வைக்க வேண்டும். அத்தகைய ஒரு கோட்டை முறியாமல் வெட்டி எடுக்கும் நாளில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருப்பதில்லை.

நான் அதிகம் நேசிப்பது கெந்தோவை. பலகையின் ஒரு மூலையில் ‘ட’ போன்ற ஒரு பள்ளம், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்க்கோடாக இன்னொன்று. தாளின் மூலையும் விளிம்பும் அவற்றில் உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் விழும். படத்தில் தெரியாத இந்தப் பள்ளங்களைச் செதுக்குபவர் வெட்டுவது தனக்காக அல்ல, அச்சிடுபவருக்காக. ஈரத்தில் தாளும் மரமும் விரியும். அப்போது அச்சிடுபவர் பள்ளத்தைக் கொஞ்சம் சீவியோ, ஒரு சிம்பு வைத்தோ சரிசெய்வார். இருவரின் கையும் படும் இடம் அது.

அச்சிடுபவருக்கு மட்டுமே சொந்தமான ஒன்று பொகாஷி. அடர்நீலம் வெளிர்ந்து வெண்மையாகும் வானம் பலகையில் செதுக்கப்படுவதில்லை. அங்கே இருப்பது வெறும் தட்டையான மரம். அதை ஈரப்படுத்தி, நிறத்தைத் தூரிகையால் ஒரு பக்கமாக இழுத்து, தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பரேன் என்னும் தேய்ப்பானால் தேய்க்க வேண்டும். அடுத்த தாளுக்கு மறுபடி முதலிலிருந்து. ஹிரோஷிகேயின் அந்தி வானங்கள் அச்சிடுபவரின் மணிக்கட்டில் பிறந்தவை என்றே நான் சொல்வேன்.

1904-ல் யமமோத்தோ கனாயே ‘மீனவர்’ படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். ஓர் இயக்கமே அதன்பின் எழுந்தது. தனியாக வேலை செய்யும் நானும் அந்த வழிதான். ஆனால் மனம் பழைய பட்டறைப் பக்கமே சாய்கிறது. பதிப்பாளர் வத்தனாபே ஷோசாபுரோ 1923 நிலநடுக்கத் தீயில் பலகைகளை எல்லாம் இழந்தும், ஓவியர் ஹசுயியையும் கைவினைஞர்களையும் கூட்டி மீண்டும் தொடங்கியதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சாய்வு கூடுகிறது. என் பட்டறையில் என் கோட்டுக்கு மறுபேச்சுப் பேச ஆளில்லை. அது ஒரு குறைதான்.

ஹருநோபு 1765-ல் செய்த ஒரு நாட்காட்டி அச்சில் ஓவியர் பெயரோடு செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் இருக்கின்றன. பிற்காலத் தாள்கள் பெரும்பாலானவற்றில் ஓவியரும் பதிப்பாளரும் மட்டுமே மிஞ்சினார்கள். பெயர் தெரிந்த இடங்களிலாவது அருங்காட்சியகக் குறிப்புச் சீட்டுகளில் செதுக்கியவரையும் அச்சிட்டவரையும் சேர்த்து எழுத வேண்டும். ஓவியர் பெயருக்குக் கீழே அல்ல, அதே வரியில்.