இறங்குதுறையிலிருந்து கோட்டை வாசல் வரை

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போக முன்பெல்லாம் லோஞ்ச்தான். தரைவழியென்றால் ஆற்றுக்கு ஆறு மிதவைப் பாதையில் ஏறியிறங்க வேண்டும்.

2006 ஓகஸ்ட் சண்டையில் ஷெல் பட்டு, முழங்காலுக்குக் கீழே என் இடது காலை இழந்தேன். அதன்பின் கிளினிக் நாட்களில் தம்பியும் இன்னொருவரும் என்னைத் தூக்கித்தான் லோஞ்சில் ஏற்றுவார்கள். எல்லோரும் பார்ப்பார்கள். நான் கொட்டியாரக் குடாவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம். பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. ஆனால் பஸ் படியில் ஏறக் கால் வேண்டுமே!

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருப்பதை அறிந்து போனேன். 1987 இல் தொடங்கிய தொண்டு நிலையம் அது. செயற்கைக் கால் செய்வதோடு நிற்காமல் நடக்கவும் பழக்குகிறார்கள்; தொழில் செய்யவும் கைகொடுக்கிறார்கள். ஜெய்ப்பூர்க் காலின் பாதம் ரப்பரால் ஆனது. செருப்பில்லாமலும் நடக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். இரு கம்பிகளுக்கு நடுவே முதலடி வைத்தபோது அழுதுவிட்டேன். பக்கத்தில் பழகிய அக்கா, "கீழே பார்க்காதேயுங்கோ தங்கச்சி, நேரே பார்த்து நடவுங்கோ" என்றார்.

அப்படித்தான் ஒருநாள் தனியாகத் திருகோணமலைக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் நானே ஏறினேன். ரிக்கற்றும் நானே எடுத்தேன். கிண்ணியாப் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்தது. பட்டணத்தில் இறங்கி, ஆறுதலாக நடந்து கோட்டை வாசலுக்குப் போனேன். மான்கள் மேய்ந்துகொண்டு நின்றன. கோணேசர் கோயில் வரை ஏற அன்று பலமில்லை. வாசலோடு திரும்பினாலும் மனம் நிறைந்திருந்தது.

திரும்பும் வழியில் ஒரு பத்திரம் எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் உயரமான மூன்று படிகள், கைபிடி இல்லை. காவலாளி தூக்கிவிட ஓடிவந்தார். "வேண்டாம் அண்ணா, தோளை மட்டும் தாங்கோ" என்றேன். சக்கர நாற்காலியில் வரும் பெண் என்ன செய்வாள்? பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் கைபிடியும் வேண்டுமென்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

சகோதரிகளே, பொய்க்கால் போடுபவர்கள் உள்ளே அணியும் உறையைத் தினமும் துவையுங்கள். இரவில் காலைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்து புண்ணானால் காலைப் போடாமல் கிளினிக்குக்குப் போங்கள். கால் தேய்ந்தாலோ தளர்ந்தாலோ மாற்றத்தான் வேண்டும். வெட்கப்பட்டு வீட்டு மூலையில் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை நான் கோயில் வரை ஏறப் போகிறேன்.