அம்மா, தாராசுரம், 116 கிராம்!

எங்கள் வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்க்கிறவர்கள், “ஏன் சார், உங்கப்பா இப்படி முறைக்கிறார்?” என்று கேட்பதுண்டு.

முறைக்கவில்லை ஐயா! அது ஆதார் அட்டை போட்டோ. பெரிசு பண்ணி ஃப்ரேம் போட்டது.

பிள்ளையாண்டானோ ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். ஒன்றரைக் கிலோவுக்குக் காமிரா, லென்ஸ், பை என்று சகல பரிவாரமும் அலமாரியில் உண்டு. ஆனால் 2019-ல் அப்பா போனபோது தேடினால், அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கோயில், கல்யாணம் எது வந்தாலும், “அதை யார் தூக்கிக்கிட்டு அலையறது?” என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனதன் பலன். செல்போன் இருந்ததே என்பீர்கள். இருந்தது. அதில் நான் சாப்பிட்ட தோசைகள் இருந்தன!

போன மாதம் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். “டேய், தாராசுரம் கோயிலை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமா? முட்டி இன்னும் எத்தனை நாள் தாங்குமோ...”

அம்மா பிறந்தது கும்பகோணம். வயசு 72. சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடியதெல்லாம் அந்தக் கோயிலில்தான்.

அன்றைக்கே பெரிய காமிராவை விற்றேன். செகண்ட் ஹாண்டில் ஒரு சோனி ஏ6000 வாங்கினேன். உள்ளே கண்ணாடி கிடையாது என்பதால் மிரர்லெஸ். பாட்டரியோடு 344 கிராம். அதுவரை சரி. அதற்கு எந்த ஜூம் லென்ஸ்? அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

கடைக்காரர் மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது 16-50. மூன்று சென்டிமீட்டர் நீளம், 116 கிராம். அணைத்தால் ஆமை மாதிரி உள்ளே போய்விடும். இரண்டாவது 18-135. தூரத்துக் கோபுரத்துக் கிளியையும் பிடிக்கலாம். 325 கிராம். மூன்றாவது 16-55. ஆரம்பம் முதல் கடைசி வரை எஃப் 2.8. எடை 494 கிராம், விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி வேண்டும்.

“சார், 2.8 எடுத்துக்குங்க. இருட்டு மண்டபத்துல பிச்சு உதறும்!”

உண்மைதான். சின்ன லென்ஸை 50-க்கு ஜூம் செய்தால் அது எஃப் 5.6 ஆகிவிடும். 2.8-க்கு வரும் வெளிச்சத்தில் கால் பங்குதான் உள்ளே வரும். ஆனால் பி.காம். படித்தவன் லேசில் மடங்குவானா? வீட்டுக்கு வந்து ஆடிட் பண்ணினேன்.

ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்பதை டிஜிட்டல் காமிரா எழுதி வைத்துவிடும். பழைய காமிராவிலும் இதே அளவு சென்ஸார் என்பதால் எண்களை அப்படியே ஒப்பிடலாம். 500 படங்களைப் புரட்டினேன். 50-க்கு மேலே போனவை 61. அதில் பாதி, குரங்கு! குரங்குக்காக 209 கிராம் கூடுதலாகச் சுமப்பதா? புதிதாக லென்ஸ் வாங்கப்போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆசை வேறு, பழக்கம் வேறு என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு சமாசாரம். 16-க்கும் 18-க்கும் ரெண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக்கூடாது. 16-ல் 83 டிகிரி அகலம் தெரியும், 18-ல் 76 தான். முதுகு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த 7 டிகிரியில் ஒரு தூணே அடங்கும்.

அப்புறம் கை நடுக்கம். தொல்லியல் துறைக் கோயில்களில் அனுமதி வாங்காமல் முக்காலி வைக்க முடியாது. ஏ6000-க்குள் நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இல்லை. லென்ஸில்தான் இருக்க வேண்டும். 116 கிராமில் அது இருக்கிறது, அந்த விலை உயர்ந்த 494 கிராமில் இல்லை. ஓடுகிற குழந்தையை எடுக்க 2.8 வேண்டும். சிற்பம் எங்கே ஓடப்போகிறது? எண்ணூறு வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது!

சின்னதையே வாங்கினேன். காமிராவும் லென்ஸும் சேர்ந்து 460 கிராம். சட்னிக்கு வாங்குகிற தேங்காய் கனம்.

கும்பகோணத்திலிருந்து மேற்கே, ஆட்டோ பிடித்தால் பேச்சு முடிவதற்குள் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் அண்ணாந்து பார்க்க வைக்கும். இது குனிந்து பார்க்க வைக்கும். நாயன்மார் கதைகள் பெரிய கல்லில் இல்லை, கருவறைச் சுவரின் அடியில் சின்னச் சின்னப் பலகைகளில். தேர் மாதிரி சக்கரமும் குதிரையும் வைத்த மண்டபம். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் வரும் என்பார்கள். இப்போது கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள்.

“நாங்க தட்டியிருக்கோம்டா,” என்றாள் அம்மா, கம்பியைப் பார்த்து ஒரு பெருமையோடு.

கோயில் தெரு மட்டத்துக்குக் கீழே இருப்பதால் இறங்க வேண்டும். அம்மா என் இடது கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவேயில்லை. நடக்கும்போதும், நிற்கும்போதும்.

இப்போது பாருங்கள், ஜூம் பண்ண இடது கை வேண்டும். அது அம்மாவிடம்! ஆடிட், கணக்கு, மூன்று லென்ஸ் ஆராய்ச்சி எல்லாம் போச்சு. வலது கையில் காமிரா, 16-லேயே நிற்கிறது.

யானையும் ரிஷபமும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் சிற்பத்தின் முன்னால் நின்றோம். அம்மா உள்ளங்கையால் யானை உடம்பை மூடினாள். “இப்ப பாரு, மாடு!” கையை மாற்றினாள். “இப்ப யானை!” எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஏழு வயதுச் சிரிப்பு சிரித்தாள்.

கிளிக்.

ஒற்றைக் கையில் எடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் நின்று அகலமாக எடுத்ததால் அம்மாவின் விரல்கள் சற்றுப் பெரிசாக, ஓரத்துத் தூண் லேசாக மங்கலாக இருக்கும். ஒன்றரைக் கிலோவாக இருந்தால் இந்தப் படமும் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

காமிராவின் பின்பக்கத்தில் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்குடா. இதையே பெரிசு பண்ணி வெச்சுக்கோ.”

எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டேன். மாலை கிடையாது. அம்மா தினமும் காபியோடு அதன் கீழேதான் உட்காருகிறாள்.

பக்கத்தில் அப்பா. இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.