பாட்டியின் தீபாவளி

வாய்மொழி வரலாற்றில் முதுகலை பயின்ற நாளில், 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த என் பாட்டியின் நினைவுகளை மாட்டுங்கா வீட்டில் ஒலிப்பதிவு செய்தேன்.

"தீபாவளி அன்னிக்குத்தான் ரங்கூனிலே குண்டு விழுந்தது" என்றார்.

"இல்லை பாட்டி, 1941 டிசம்பர் 23" என்று திருத்தினேன். பேச்சை நிறுத்தியவர் பிறகு தொடரவேயில்லை.

பின்னர் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ போர்தெல்லியின் ஆய்வைப் பயின்றேன். டெர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட ஆலைத் தொழிலாளி, 1953இன் ஆட்குறைப்புக் கிளர்ச்சியில் மாண்டதாகவே தோழர் பலர் நினைவுகூர்ந்தனர். அப்பிழையே அவர்தம் மனக்காயத்தின் சான்று என உணர்த்தினார் அவர்.

குடும்பம் முழுதும் கூடியிருந்த கடைசி நாள் அத்தீபாவளி என்று அத்தை கூறியபோது, பாட்டி இல்லை. பதிவில் எஞ்சியவை என் திருத்தமும் அவர் மௌனமுமே.

அன்பர்களே, உங்கள் வீட்டு முதியோர் பேசுகையில் குறுக்கிடாதீர்கள்.