விபூதிப் பனியும் கான்கிரீட் பனியும்

அரிசியில் பொன்னி, பாஸ்மதி, ஐ.ஆர்.8 என்று ரகம் இருப்பது போல பனியிலும் ரகம் உண்டு என்றால், மாம்பலத்தில் இருக்கிற என் சித்தப்பா நம்ப மாட்டார். "ஃபிரிட்ஜுக்குள்ள படியறதும் அதுதானேடா?" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 9 வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வேலை மாறி, சியாட்டிலுக்கு மூட்டை கட்டியதில்லை. நான் கட்டினேன். அந்த மூட்டையில் இரண்டு ஸ்கீ கட்டைகளும் இருந்தன.

சால்ட் லேக் சிட்டி 2002-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அந்த யூட்டா மாநிலத்தில் கார் நம்பர் பிளேட்டிலேயே 'பூமியின் தலைசிறந்த பனி' என்று போட்டுக்கொள்வார்கள். பீற்றல்தான். ஆனால் காரணம் இல்லாத பீற்றல் இல்லை. பசிபிக் கடலில் கிளம்பும் புயல், வழியில் உள்ள மலைகளில் எல்லாம் ஈரத்தை உதறிவிட்டு, நெவாடா பாலைவனத்தைத் தாண்டி, களைத்துப்போய் யூட்டா வந்து சேருகிறது. அங்கே ஆல்ட்டா என்கிற சறுக்கு மலையின் அடிவாரமே 8,530 அடி உயரம். நல்ல குளிர், வறண்ட காற்று. விழுகிற பனி விபூதி மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறக்கும். 100 அங்குலப் பனியை உருக்கினால் சராசரியாக 8 அங்குலம் சொச்சம்தான் தண்ணீர்.

சியாட்டிலை ஒட்டிய காஸ்கேட் மலைத்தொடர் வேறு ஜாதகம். கடல் கிட்டத்தில் இருப்பதால் ஈரம் பெருமளவு குறையாமலே வந்து மோதுகிறது. அளவுக்குப் பஞ்சமே இல்லை. மௌன்ட் பேக்கரில் 1998-99 சீசனில் 1,140 அங்குலம், அதாவது 95 அடி பனி விழுந்து உலக சாதனையே ஆயிற்று. ஒன்பது மாடி உயரம்! ஆனால் தரம்? சியாட்டில்வாசிகள் ஒரு மணி நேரத்தில் காரில் போய்ச் சேரும் ஸ்னோக்வால்மி கணவாயின் உயரம் 3,022 அடிதான். நம் ஊட்டியில் பாதி கூட இல்லை. வெப்பநிலை எப்போதும் பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடும். காலையில் பனி, மத்தியானம் மழை, ராத்திரி உறைந்து கண்ணாடி. போதாக்குறைக்கு ஹவாய் பக்கமிருந்து வெதுவெதுவென்று ஓர் ஈரக்காற்று வரும். 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பெயரில்தான் இனிப்பு, வந்தால் பனி மேல் மழை. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பனிக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'காஸ்கேட் கான்கிரீட்'.

இப்போது கட்டை விஷயத்துக்கு வருவோம். யூட்டாவில் நான் வைத்திருந்தவை அகலமானவை, இலேசானவை, நன்றாக வளைபவை. விபூதியில் மிதக்க அதுதான் தோது. காஸ்கேட் பனியிலோ முதல் நூறு பேர் சறுக்கிப் போனதும் மிச்சம் இருப்பது கட்டி கட்டியான களி. இலேசான கட்டையின் முனை ஒவ்வொரு கட்டியிலும் இடித்து எகிறும். உழவு தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மணல் பூமியில் வழுக்கிக்கொண்டு போகிற இலேசான கலப்பை, களிமண் வயலில் துள்ளும். அங்கே கொஞ்சம் கனமும் விறைப்பும் வேண்டும். விறைப்பான கட்டை கட்டிகளைக் கண்டு ஒதுங்காது. நடுவே பிளந்துகொண்டு போகும். உறைந்த கண்ணாடியிலும் முறுக்கிக்கொள்ளாமல் ஓரத்து இரும்பை அழுத்திப் பிடிக்கும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை சகதர்மிணி சமேதராகக் கடைக்குப் போனேன். விலை ஜோடி 700, 800 டாலர். உள்ளே மரம், மேலும் கீழும் 'டைட்டனால்' தகடு என்றான் கடைப் பையன். பெயரைக் கேட்டால் டைட்டானியம் போல இருக்கிறதல்லவா? உண்மையில் அலுமினியக் கலவை. மைசூர் போண்டாவில் மைசூர் இருக்கிற அளவுக்குத்தான் இதில் டைட்டானியம். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அதிர்வை அடக்குவதில் கெட்டிக்காரத் தகடு.

பக்கத்தில் கே2 கம்பெனியின் கட்டைகள் நின்றன. அந்தக் கம்பெனி 1962-ல் பிறந்தது சியாட்டிலுக்கு எதிரே இருக்கிற வாஷோன் தீவில். ஆரம்பித்தவர் பில் கிர்ஷ்னர். ஸ்கீ செய்வதற்கு முன் அவருடைய தொழில் என்ன தெரியுமா? ஃபைபர்கிளாஸில் பிராணிகளுக்குக் கூண்டும், உடைந்த காலுக்கு வைத்துக் கட்டும் சிம்பும் செய்வது. முதலில் சிம்பு, அப்புறம் ஸ்கீ! தீர்க்கதரிசி.

சிரித்தாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு முன் யூட்டாவிலிருந்து சியாட்டில் வந்த நண்பர் ஒருவர், 'கான்கிரீட்' என்று கேள்விப்பட்டதுமே கடையில் இருந்ததிலேயே விறைப்பான ஜோடியை வாங்கிவிட்டார். ஆள் ஐம்பத்தெட்டு கிலோ. கட்டை அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வளைக்க முடியாத கட்டை முன்னால் ஓட, மனிதர் பின்னால் சாய, முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன், ஊன்றுகோல், ஒன்பது மாதம் மாடிப்படி விரோதம். இப்போது காலோடு கட்டையைப் பிடித்திருக்கும் பைண்டிங்குகள் விழும்போது தானாகக் கழன்று எலும்பு முறிவை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் முழங்கால் ஜவ்வை அந்த அளவுக்குக் காப்பாற்றுவதில்லை. பின்னால் சாய்ந்து விழுவதுதான் ஜவ்வுக்குப் பெரிய எமன்.

அதாவது, எந்த ஊர் என்பது எவ்வளவு விறைப்பு தேவை என்று சொல்லும். எவ்வளவு விறைப்பு தாங்கும் என்பதைச் சொல்வது உங்கள் எடையும், வயதும், பழக்கமும்தான். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பைண்டிங் எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதற்கு 'டின்' என்று ஒரு நம்பர் உண்டு. அதற்காகப் பையன் உயரம், எடை, வயது, பூட்ஸ் நீளம், சறுக்குகிற லட்சணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினான். 50 வயது தாண்டினால் நம்பரை ஒரு படி குறைப்பார்கள். பொய் சொன்னால் உடம்புக்கே தண்டனை தருகிற கடை. நம்பர் கூடிப்போனால் விழும்போது கழலாது. குறைந்துபோனால் ஓடும்போதே கழன்று உங்களைத் தனியே அனுப்பிவிடும்.

"எடை?" என்றான். நான் தொண்டையைக் கனைப்பதற்குள், "எண்பத்திரண்டு. வயசு ஐம்பத்தொண்ணு" என்றாள் சகதர்மிணி.

கடையில் கட்டையைத் தரையில் ஊன்றி, நடுவில் கையால் அழுத்தி, பெரிய ஆசாரி மாதிரி தலையாட்டுவது ஒரு சம்பிரதாயம். அதில் பாதி கூடத் தெரியாது. பல கடைகளில் ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்து, பிறகு வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 4,061 அடி உயரத்து ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு மூன்று ஜோடிகளோடு போனோம். முதல் நாள் மழை பெய்து, ராத்திரி உறைந்து, மேலே நாலு அங்குலம் ஈரப்பனி. பரீட்சைக்கு உகந்த தினம்.

முதல் ஜோடியில் உலோகமே இல்லை. கட்டிகளில் டைப் அடித்தது. இரண்டாவதில் முனையிலிருந்து வால் வரை இரண்டு தகடு. ராஜதானி எக்ஸ்பிரஸ் மாதிரி போயிற்று. ஆனால் நான் சொன்ன ஸ்டேஷனில் நிற்கவில்லை. நாலு திருப்பத்தில் தொடை நடுங்கியது. மூன்றாவது, காலுக்குக் கீழே 96 மில்லிமீட்டர் அகலம். நடுவில் தகடு அகலமாகவும், முனைக்குப் போகப்போகக் குறுகலாகவும் இருந்தது. நடுவில் பிடிவாதம், முனையில் விட்டுக்கொடுத்தல். களியைப் பிளந்தது, கண்ணாடியில் பிடித்தது, நான் சாய்ந்த பக்கம் திரும்பியது. மத்தியானம் மூன்று மணிக்கும் முழங்கால் முழங்காலாகவே இருந்தது. அதையே வாங்கினேன். பழைய விபூதிக் கட்டைகள் பரணில் இருக்கின்றன, யூட்டாவுக்கு விருந்தாளியாகப் போகும்போது எடுத்துப் போக.

வீடு திரும்பும்போது காரில் சகதர்மிணியிடம் விளக்கினேன்: "ரொம்ப வளைஞ்சு கொடுத்தாலும் ஆகாது, ரொம்ப விறைச்சிக்கிட்டாலும் ஆகாது. மூணு ஜோடியைப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியுது."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "ஹூம்... கட்டைக்கு இருக்கிற வசதி கல்யாணத்துக்கு இல்லையே!"