இல்லையேல் என்னும் சொல்

‘மழை பெய்தால் குடை எடுத்துச் செல், இல்லையேல் வேண்டா.’ ஒரு நிபந்தனையும் இரு வழிகளும் வைத்துப் பேசுதல் நமக்குப் புதிதன்று. ‘பெய்தால்’ என்ற வினையின் ஈற்றிலேயே நிபந்தனையை அடக்கிவிடுவது நம் மொழி. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியிலோ அதற்குத் தனிச்சொல் வேண்டும். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் உருவாக்கிய அம்மொழியில் ‘இஃப்’ என்பது நிபந்தனையைத் தொடங்கும். ‘எல்ஸ்’ என்பது நம் ‘இல்லையேல்’ ஆகும்.

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இதனைப் பயில்கின்றனர். எங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து நாங்களும் சிறிது கற்றோம். அவற்றுள் முதலாவது, வரிசையின் அருமை. சங்கச் சுற்றுலாவில் 5 வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணமில்லை, 12 வயதுக்குட்பட்டோர்க்கு அரைக்கட்டணம் என்று கொள்வோம். ‘12க்குக் குறைவா?’ என்ற வினாவை முதலில் வைத்தால், 4 வயதுக் குழந்தைக்கும் அரைக்கட்டணம் விழும். கணிப்பொறி மேலிருந்து கீழாகவே பார்க்கும். முதலில் பொருந்திய கிளையில் நுழைந்தபின், அடுத்த கிளைகளை ஏறிட்டும் பாராது.

இரண்டாவது, இன்மையைப் பற்றியது. எழுத்தொன்றுமில்லாத வெற்றுச் சரமும், சுழியம் என்ற எண்ணும் நிபந்தனையில் ‘பொய்’ என்றே கொள்ளப்படும். ‘உடன்பிறந்தார் எத்தனை பேர்?’ என்பதற்கு 0 என்பது செம்மையான விடைதான். ஆயினும் அவ்வெண்ணை அப்படியே நிபந்தனையில் இட்டால், விடையே வரவில்லை என நிரல் முடிவு கட்டிவிடும். இல்லை என்று சொல்வது வேறு. ஒன்றும் சொல்லாதிருப்பது வேறு.

இவ்வேறுபாடு நம்மவரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சான்றுண்டு. தில்லியில் எங்கள் மகளைப் பள்ளியில் சேர்க்க இணையவழி விண்ணப்பம் நிரப்பினோம். அதில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கட்டத்தை வெறுமையாக விட்டோம். விண்ணப்பம் நகர மறுத்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, ஒரு புள்ளி வைக்குமாறு கூறினர். வைத்தோம், உடனே ஏற்றுக்கொண்டது. பின்னர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பள்ளிப் பதிவேட்டில் புள்ளியோடு வேறொரு பெயருமாக நின்றன. அந்த ஒரு புள்ளியை நீக்க மும்முறை அலுவலகப் படியேறினோம்.

கணிப்பொறி அங்குத் தவறு செய்யவில்லை. ‘கட்டம் வெறுமையாயின் நிறுத்து; இல்லையேல் மேலே செல்’ என்று எழுதியபடியே அது நடந்தது. புள்ளியும் ஓர் எழுத்துக்குறியே ஆதலால், கட்டம் நிறைந்ததென்று கொண்டது. குடும்பப் பெயரில்லாத மனிதரும் இந்நாட்டில் உண்டு என்பது எழுதியவர் நினைவில் இல்லாமற் போயிற்று, குறை அதுவே. ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்திருப்பின், பெயரைப் பிரித்துக் கேட்கும் தேவையே எழுந்திராது.

நிபந்தனை எழுதுகிறவர் கதவில் நிற்கும் காவலரைப் போன்றவர். எவரை உள்ளே விடுவது என்பதோடு, வெளியே நிறுத்தப்படுவோர் யாவர் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் கடன். நிரல் எழுதும் நம் பிள்ளைகள், வேலை முடிந்தது என்று எழுமுன், ஊரிலிருக்கும் தம் பாட்டியின் பெயரை அதில் ஒருமுறை இட்டுப் பார்த்தல் நலம்.